ரிப்பேர் முடிந்து வந்த காரில் ஆயில் கசிவு: மூலத்தைக் கண்டுபிடிக்கும் வழி

சர்வீஸோ ரிப்பேரோ முடிந்து வந்த காரில் புதிதாக ஆயில் கசிந்தால், பெரும்பாலும் அது அந்த வேலைக்காகக் கழற்றி மாட்டிய ஏதோ ஓர் இணைப்பிலிருந்துதான் வரும். ஆயில் மாற்றியிருந்தால் பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டும் ஃபில்டரும். எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரைத் திறந்திருந்தால் அதன் கேஸ்கெட், அதாவது இடையில் வைக்கும் ரப்பர்ப் பட்டை. கிளட்ச் போட்டிருந்தால் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். ஆகவே வண்டிக்கடியில் குனிவதற்கு முன்னால் பில்லை எடுத்துப் படியுங்கள். எதையெல்லாம் கழற்றினார்களோ அங்கெல்லாம்தான் முதலில் தேட வேண்டும். பில்லில் விவரம் இல்லையென்றால் போனில் கேட்டுவிடலாம்: "அண்ணாச்சி, டேப்பட் கவரைக் கழத்துனீங்களா? ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டீங்களா, பழசே கிடக்கா? ஃபில்டர் என்ன கம்பெனி?" நேரான பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்பதை அடுத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையில் டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் நிற்கும் வண்டி என்றால் கறை தானே தெரியும். திசையன்விளை, இட்டமொழிப் பக்கம் செம்மண் முற்றத்தில் நிறுத்துகிறவர்களுக்குச் சொட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், ஒன்றுமே தெரியாது. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு நேர் கீழே இரவு முழுக்க விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் எங்கே நின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று சுலபமாகக் கணக்குப் போடலாம். பெட்ரோல் வண்டியின் ஆயில் புதிதாக இருக்கும்போது தேன் நிறம், ஓடிய பிறகு பழுப்பு. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும், அதனால் கறுப்பாக இருப்பதை வைத்துப் பழைய ஆயில் என்று முடிவு கட்ட முடியாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயமேறிய நீர்போல் இருந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கெட்டியாக, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், அதற்குக் கவலையே வேண்டாம்.

எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியான பிறகும் அது கசிவுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் தேங்கியிருக்கும் எண்ணெய் எஞ்சின் பிளாக்கின் மேல் வழியும். பல எஞ்சின்களில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்த நிலையில் இருப்பதால் வழியாமல் கழற்றவே முடியாது. வழிந்ததை அப்போதே துடைக்காவிட்டால் அது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்பில், பிராக்கெட்டின் மடிப்பில், எல்லாவற்றுக்கும் மேலாக அடியில் மாட்டியிருக்கும் அண்டர் கவரில் தேங்கிவிடும். கவரில் தேங்கியது வாரக்கணக்கில் சொட்டும், ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் சிந்தும். "பழசு வழிஞ்சதுதான், ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க" என்று பட்டறையில் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் துடைக்காமல் ஓட்டிவிட்டு வந்தால் வழிந்தது எது, கசிவது எது என்று பிரிக்க வழியில்லை. துடைத்துவிட்டு ஓட்டச் சொல்கிற மெக்கானிக் தொழில் தெரிந்தவர்.

துடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி. செல்போன் டார்ச்சைப் போட்டு, எஞ்சினை நாலு பக்கமும் அப்படியே படம் எடுத்து வையுங்கள். இதில் நம்ம ஊர்த் தூசி ஒரு சாட்சி. ஆனி ஆடிக் காற்றில் ராதாபுரம், திசையன்விளைச் செம்மணல் தேரிப் பக்கம் ஓடிய வண்டியின் எஞ்சினில் செந்தூள் படியாத இடம் இருக்காது. எண்ணெய் இருக்கும் இடத்தில் அந்தத் தூள் ஒட்டி, அடுக்கடுக்காகக் களிம்புபோல் இறுகும். கசியும் இடத்தைச் சுற்றி விரலால் சுரண்டினால் பெயர்ந்து வரும் அளவுக்குக் களிம்பு கட்டியிருந்தால், அந்தக் கசிவு இந்த ரிப்பேருக்கு முன்பே இருந்தது. பளபளவென்று தூசி ஏறாத ஈரமாக இருந்தால் அது புதுசு. மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைப் பார்ப்பது அவருக்கும் நியாயம், உங்களுக்கும் நியாயம். வண்டியைப் பட்டறையில் விடும் முன்பே நாலு படம் எடுத்து வைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

இனிக் கழுவுதல். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஸ்பார்க் பிளக்கின் காயில்கள், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டரின் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசரை அடித்து, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய நீரில் அலச வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் குழாயை எஞ்சினுக்குள் நேராகப் பிடிக்கக் கூடாது, கனெக்டருக்குள் நீர் போனால் வேறொரு ரிப்பேர் தொடங்கும். பட்டறைகளில் டீசலால் துடைப்பது வழக்கம். அழுக்கு போகும், ஆனால் டீசல் ஒரு மெல்லிய ஈரத்தை விட்டுவைக்கும், அதுவே கசிவுபோல் தோற்றம் காட்டும். டீசலில் துடைத்தால் கடைசியாகச் சந்தேகமான இணைப்புகளில் மட்டும் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அந்த ஸ்பிரேயை அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அண்டர் கவரைக் கழற்றித் தனியாகக் கழுவிக் காயவைத்து, கசிவு தீரும் வரை மாட்டாமல் வையுங்கள். இந்தக் கழுவலைத் தாமிரபரணிப் படித்துறையில் செய்ய வேண்டாம். எண்ணெயும் டிகிரீசரும் கலந்த நீர் ஆற்றில் இறங்கினால் கீழே குடிநீருக்கு உறிஞ்சும் கிணறுகள் வரை போகும்.

வண்டிக்கடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே உள்ளே போக வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் வாட்டர் சர்வீஸ் கடையின் ரேம்ப்பில் கால் மணி நேரம் ஏற்றச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

சுத்தமான எஞ்சினில் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எஞ்சினுக்குள் எண்ணெய் இரண்டு விதமாக இருக்கிறது. பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஓடுவது ஒன்று, தெறித்து வழிந்து சம்ப்புக்குத் திரும்புவது இன்னொன்று. ஃபில்டர், ஆயில் கூலர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போவுக்குப் போகும் சன்னக் குழாய் இவையெல்லாம் அழுத்தப் பக்கம். சூடான எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல், ஓடும்போது அங்கே பெரும்பாலும் 1 பார் அளவிலும், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3, 4 பார் வரையிலும் அழுத்தம் இருக்கும். டேப்பட் கவர், சம்ப், கிராங்க் சீல்கள், ட்ரெயின் போல்ட், டர்போவிலிருந்து திரும்பி வரும் தடித்த குழாய் இவை வழியும் பக்கம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகமாகி, எஞ்சினை அணைத்ததும் நின்றுவிடும் கசிவு அழுத்தப் பக்கத்தைச் சேர்ந்தது. ஓடினாலும் நின்றாலும் இரவெல்லாம் ஒரே சீராகச் சொட்டுவது வழியும் பக்கத்தைச் சேர்ந்தது. ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஓர் அட்டை, இரவு முழுக்க நிற்கவிட்டு இன்னோர் அட்டை என்று வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

முதல் சோதனையை வண்டியை நகர்த்தாமலே செய்யுங்கள். ஃபேன் ஓடத் தொடங்கும் வரை ஐடிலில் விட்டு, டார்ச்சோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். அடுத்து ஊருக்குள் பத்துக் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி வந்து பாருங்கள். நான்குவழிச் சாலையில் வேகமாகப் போய்வருவது கடைசியில்தான். காரணம் காற்று. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், காவல்கிணறு வரை ஆடிக் காற்று வண்டியையே ஒதுக்கித் தள்ளும் இடம். அந்த வேகத்தில் கிரில் வழியாக நுழையும் காற்று ஒரு சொட்டை எஞ்சின் முழுக்கப் படலமாகத் தேய்த்துவிடும், முன்பக்கம் கசிந்தது பின்பக்கம் போய்ச் சொட்டும். எண்ணெய் கீழே இறங்கும், காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானது எது, அதிலும் மிக முன்னால் இருப்பது எது என்றுதான் தேட வேண்டும். சொட்டு விழும் இடம் பெரும்பாலும் மூலமல்ல.

ஏற்றமும் ஒரு சோதனை. முன்சக்கர ஓட்டமுள்ள பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் ஏற்றத்தில் எண்ணெய் டாஷ்போர்டு பக்கச் சுவரை நோக்கிச் சாயும், டேப்பட் கவரின் பின்விளிம்பில் பலவீனம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். இறக்கத்தில் முன்விளிம்பு. சமதளத்தில் ஒன்றும் காட்டாமல் மலை போய் வந்தால் மட்டும் கருகல் வாடை வருகிறது என்பவர்கள் இந்தப் பின்விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து வழிவது சில எஞ்சின்களில் நேராக எக்ஸாஸ்ட்டின் மேல் விழும்.

கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு முகப்பவுடரே போதும். சுத்தமாகக் காய்ந்த இணைப்பின் மேல் பவுடரை ஊதிவிட்டு, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டினால் எண்ணெய் புறப்படும் இடத்தில் வெள்ளை கருத்து ஒரு கோடு விழும். ஓடும் பெல்ட்டின் பக்கம் மட்டும் ஊத வேண்டாம். இதிலும் பிடிபடாவிட்டால் யு.வி. டை, அதாவது புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம். ஆயிலோடு கலக்கும் வகையை மட்டும் வாங்கி, புட்டியில் சொன்ன அளவை ஆயில் ஊற்றும் வாய் வழியாக ஊற்றி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் கசிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவு.

இனி ஒவ்வொரு இடமாக.

ட்ரெயின் போல்ட் சம்ப்பின் மிகத் தாழ்ந்த இடம். எங்கே கசிந்தாலும் கடைசிச் சொட்டு அங்கேதான் தொங்கும், அதனால் பழி முதலில் அதன்மேல் விழுகிறது. போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, அதற்கு மேலே சம்ப்பின் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர் காய்ந்து போல்ட் மட்டும் நனைந்தால்தான் அது குற்றவாளி. அலுமினியம் அல்லது செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கி உட்கார்வதற்கென்றே செய்தது. பழையதைத் திருப்பிப் போட்டால் சில சமயம் நிற்கும், சில சமயம் கசியும். மிகச் சின்னத் தொகை மிச்சம் பிடிக்கப் போய் வருகிற தொல்லை இது. போல்ட்டை முறுக்கும் அளவு சிறிய கார்களில் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர், சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். நீளக் கம்பியைச் செருகி மிதித்து முறுக்கினால் அலுமினியச் சம்ப்பில் மரை உருவிப்போகும். அதன்பிறகு புது மரை போடுவதோ சம்ப்பை மாற்றுவதோதான் வழி.

ஃபில்டரில் நடக்கும் தவறுகளில் ஆபத்தானது இரட்டை ரப்பர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டிவிடுவார்கள். முதலில் லேசாகக் கசியும், பிறகு அழுத்தம் ஏறும்போது ரப்பர் பிதுங்கிச் சில நிமிடங்களில் ஆயில் முழுக்க வெளியே போய்விடும். ஆயில் மாற்றிய அன்றே ஃபில்டரைச் சுற்றி ஈரம் தெரிந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புது ரப்பரில் துளி ஆயில் தடவி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து கையாலேயே முக்கால் சுற்று முறுக்குவது பெரும்பாலான ஃபில்டர்களுக்குச் சரி, பல ஃபில்டர்களில் அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். உள்ளே காகிதக் கூடு மட்டும் மாற்றும் வகையென்றால் மூடியின் ஓ-ரிங் தன் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங்கைப் பள்ளம் மாற்றி மாட்டினால் கட்டாயம் கசியும்.

டேப்பட் கவர் தனிக் கவனம் கேட்கும் இடம், பழுதும் இங்கேதான் அதிகம். ரப்பர் கேஸ்கெட் வருடக்கணக்கான சூட்டில் இறுகிக் கல்லாகியிருக்கும். கழற்றிய பிறகு அதையே திருப்பி மாட்டினால் பழைய தடத்தில் உட்காராது. புதுசு போட்டாலும், எஞ்சினின் ஒரு பக்கத்தை மூடும் டைமிங் கவரும், டேப்பட் கவருக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலையில் இரண்டு உலோகத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு. அங்கே இரண்டு பக்கமும் சுமார் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சிலிகான் பொட்டு வைக்க வேண்டும். நம் பட்டறைகளில் மறந்துபோகும் வேலை இதுதான் என்பேன், கவரின் அந்த மூலையில் மட்டும் ஈரம் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையாக முறுக்க வேண்டும், அளவு பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 4 கிலோ எடை தொங்குவதுதான் 10 நியூட்டன் மீட்டர், அவ்வளவு கொஞ்சம். கசிகிறது என்று சொன்னதும் "ஒரு டைட் வச்சா நின்னுரும்" என்று ஸ்பேனரை எடுப்பது இந்த இடத்தில் மிகவும் கெடுதல். கூடுதலாக முறுக்கினால் ரப்பர் வெளியே பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் வளையும் அல்லது விரிசல் விடும், போல்ட் முறியவும் கூடும். அதே கவரில் ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றி சீல்கள் உண்டு. அவை போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, எண்ணெய் குழிக்குள் தேங்கி எஞ்சின் மிஸ்ஸடிக்கும். காயிலைக் கழற்றிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

ஆயில் பிரஷர் சுவிட்ச்சின் வயர் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். கனெக்டருக்குள் எண்ணெய் இருந்தால் சுவிட்ச்சே உள்ளுக்குள் கசிகிறது, அதை மாற்றினால் தீர்ந்தது.

கிளட்ச் வேலைக்குப் பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால், பின்பக்க ஆயில் சீல் என்ற பேச்சு உடனே எழும். அது உண்மையானால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், கூலியும் பெரிது. அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் மேலே எல்லாம் காய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். டேப்பட் கவரின் அந்த முனை, ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் மூடிகள், பிரஷர் சுவிட்ச் எங்கிருந்து வழிந்தாலும் அதே இடத்தில்தான் வந்து சொட்டும். சொட்டுவதை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸின் சொந்த சீல். மேலெல்லாம் காய்ந்து, வாடையும் எஞ்சின் ஆயிலாக இருந்தால்தான் பின் சீல். சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் காய்ந்தபடி மாட்டினாலும், கோணலாக அடித்து இறக்கினாலும், உதடு மடங்கிப்போய்ப் புது சீலே கசியும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிவு தொடங்கினால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்காதீர்கள், பிரீதரைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வோ குழாயோ அடைத்தாலும், வேலை முடிந்து மாட்டும்போது குழாய் மடங்கிப்போனாலும், உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீல் இளக்கமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பெட்ரோல் வண்டியில் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. உப்பி மேலே தள்ளினால் பிரீதரைச் சரிசெய்யாமல் எந்த கேஸ்கெட் போட்டும் பயனில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் கசிவு வரும், அதையும் அளந்துவிடுங்கள்.

எவ்வளவு கசிந்தால் பயப்பட வேண்டும்? ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 முதல் 30 சொட்டு. இரவுக்குப் பத்துச் சொட்டு என்றால் அரை மில்லிலிட்டர், மாதத்துக்குப் பதினைந்து. பெரும்பாலான சிறிய கார்களில் டிப் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கிறது. ஆகவே இந்த அளவுக் கசிவால் எஞ்சின் கெடாது, நிதானமாகத் தேட நேரம் உண்டு. ஆனால் அழுத்தப் பக்கக் கசிவு நிற்கும்போது சொட்டாமல் ஓடும்போது மட்டும் போகும், தரையில் கறையை வைத்து அதை அளக்க முடியாது. வாரம் ஒருமுறை காலையில், ஒரே இடத்தில், சமதளத்தில் டிப் ஸ்டிக்கை எடுத்துக் குறித்து வைப்பதுதான் நம்பகமான கணக்கு. எக்ஸாஸ்ட்டில் விழுந்து புகைந்தாலும், பெல்ட்டில் ஆயில் பட்டாலும், கோடு கோடாக ஒழுகினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கும் புட்டிகளை ரிப்பேருக்குப் பின் வந்த கசிவுக்கு ஊற்ற வேண்டாம். அவை முதிர்ந்த ரப்பரை உப்பவைக்கும். நசுங்காத வாஷரையும் சிலிகான் வைக்காத மூலையையும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

மூலம் தெரிந்ததும் படங்களோடு பட்டறைக்குப் போங்கள். "ஒழுகுது அண்ணாச்சி" என்பதைவிட "கழுவிட்டு ஐடில்ல ஓட்டிப் பாத்தேன், டைமிங் கவர் மூலையில இருந்து இறங்குது" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் மறுபேச்சில்லாமல் கவரைக் கழற்றுவார். சிலிகான் வைக்கும் வேலையென்றால் பழைய சிலிகானை முழுக்கச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வைத்தது தோல் கட்டுவதற்குள் மாட்ட வேண்டும். சம்ப்பில் தாராளமாக அப்பினால் உள்ளே பிதுங்கிய துணுக்கு பிய்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், அது கசிவைவிடப் பெரிய கேடு. மாட்டியதும் ஆயில் ஊற்றி ஓட்டாமல், சிலிகான் டியூபில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 24 மணி நேரம், வண்டி நிற்கட்டும். பிறகு பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை, நூறில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, 500 கிலோமீட்டர் வரை இணைப்பு காய்ந்தபடியே இருந்தால் அண்டர் கவரைத் திரும்ப மாட்டலாம்.